அங்கன்வாடி டீச்சரும் ஆயாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஈரோடு பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் வளர்ந்தவர்கள். மூத்தவன் பள்ளிக்கூடம் போய்விட்டான், சின்னவள் இன்னும் அங்கேதான் போகிறாள். அந்த மையத்தின் ஆதரவுக் குழுவில் தாய்மார்கள் சார்பில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். அதனால் ரேஷன் கடை வரிசையிலும் டவுன் பஸ்ஸிலும் ஆளாளுக்கு என்னிடம் கேட்பது அங்கன்வாடி பற்றித்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

அங்கன்வாடி, பால்வாடி, சத்துணவு மையம் எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றுதான். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்னும் பால்வாடி. அரசுக் கணக்கில் அது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் மையம். அந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 இடங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தைகளுக்கும் சேர்த்தே சாப்பாடு போட்டதால் இரண்டும் மக்கள் மனதில் கலந்துவிட்டன. பள்ளிக்கூடச் சத்துணவுக்கு இன்று தனியே அமைப்பாளரும் சமையலரும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மொத்தம் 54,439 மையங்கள். அதில் 49,499 முதன்மை மையங்கள், 4,940 குறு மையங்கள். பொதுவாக 400 முதல் 800 பேர் வரை வசிக்கும் இடத்துக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேர் வரை இருக்கும் சின்னக் குடியிருப்புக்கு ஒரு குறு மையம் என்பது கணக்கு. குறு மையத்தில் உதவியாளர் பணியிடமே கிடையாது என்றுதான் திட்டத்தை வகுத்தார்கள். ஒரே பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சமைத்து, கூட்டிப் பெருக்கி, கணக்கும் எழுதுவார்.

டீச்சர் யார், ஆயா யார்?

டீச்சர் என்று நாம் கூப்பிடுபவர் அங்கன்வாடி பணியாளர். ஆயா என்பவர் உதவியாளர். இவர்களுக்கு மேலே இருபது, இருபத்தைந்து மையங்களைப் பார்க்கும் மேற்பார்வையாளர், அவருக்கு மேலே வட்டார அளவில் சிடிபிஓ என்று எல்லோரும் சொல்லும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். மேற்பார்வையாளரில் இருந்து மேலே இருப்பவர்கள் எல்லாம் அரசு ஊழியர்கள். பிள்ளையைத் தொட்டுத் தூக்கும் இரண்டு பேர் மட்டும் அந்தக் கோட்டுக்குக் கீழே.

சோறு ஊட்டித் தூங்க வைப்பதுதானே? அதில் என்ன பெரிய வேலை?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். போன மாதம் ஒரு நாள் காலை முழுக்க மையத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று கண்டதையே சொல்கிறேன்.

ஒன்பது மணிக்கு முன்பே ஆயா வந்து பூட்டைத் திறந்து கூட்டிவிட்டு, தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று படியிலேயே படுத்து அழுதது. டீச்சர் அதை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்ற பிள்ளைகளுக்குப் பாட்டு ஆரம்பித்தார். அப்புறம் ஒரு முறத்தில் புளியங்கொட்டையும் கொண்டைக்கடலையும் கலந்து கொட்டி, பிள்ளைகளைப் பிரித்து வைக்கச் சொன்னார். என் மகள் இரண்டு விரலால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். விளையாட்டு என்று நினைத்தேன். “பென்சில் பிடிக்கறதுக்கு இந்த விரல்தான் வேணுங்க, மூணு வயசுல எழுதச் சொன்னா கை வலிக்குமில்ல, அதான் கொட்டை” என்றார் டீச்சர். தனியார் பள்ளியில் அதே வயதுப் பிள்ளைக்கு நோட்டு முழுக்க எழுத்து எழுத வைப்பதைப் பார்த்தவள் நான். யாருக்குப் பாடம் தெரிந்திருக்கிறது என்று அன்றைக்கு யோசித்தேன்.

பத்தரை மணிக்கு எடை பார்த்தார்கள். புதிதாகச் சேர்ந்த மூன்று வயதுப் பெண் குழந்தை 9 கிலோ 800 கிராம். டீச்சர் வளர்ச்சி அட்டையைத் திறந்து விரலை நகர்த்தினார், மஞ்சள் பட்டையில் வந்து நின்றது. பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் எடை குறைவு, அதற்கும் கீழே போனால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்தக் குழந்தையின் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், பக்கத்தில் நின்றார். “புள்ள நல்லாத்தானே ஓடியாடுது கண்ணு” என்றார். டீச்சர் விடவில்லை. வீட்டில் காலையில் என்ன கொடுக்கிறீர்கள், பூச்சி மாத்திரை கொடுத்து எத்தனை மாதமாச்சு, வயிற்றால் போனதா என்று ஐந்தாறு கேள்வி. சத்துமாவு உருண்டையை எப்படிப் பிடிப்பது என்று ஆயா ஒரு பக்கம் சொல்லிக் கொடுத்தார். எடை இறங்கிய பிள்ளையை இரண்டு மாதத்துக்கு முன்னால் கண்டுபிடிப்பதற்கும் பின்னால் கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரியும்.

பகல் சாப்பாடு, தூக்கம், அப்புறம் வீடு வீடாகப் போவது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், மையத்துக்கே வராத ஆறு மாதக் குழந்தைகள் எல்லோரும் டீச்சர் கணக்கில் வருவார்கள். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி போடும் நாளில் பிள்ளைகளைத் திரட்டுவதும் இவர்தான். திட்டத்தின்படி ஆறு சேவைகள்: இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து பற்றிச் சொல்லிக் கொடுப்பது. ஆறும் இரண்டு பேர் தலையில்.

சம்பளம் எவ்வளவு?

இரண்டு அடுக்காகப் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசு நிர்ணயித்த தொகை 2018 அக்டோபர் முதல் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், குறு மையப் பணியாளருக்கு 3,500, உதவியாளருக்கு 2,250. அதற்கு முன் இது முறையே 3,000, 2,250, 1,500 ஆக இருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் இந்தத் தொகையில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் கொடுக்கின்றன. அதாவது 4,500-ல் டெல்லியிலிருந்து வருவது 2,700. மேற்கொண்டு எவ்வளவு சேர்த்துக் கொடுப்பது என்பது அந்தந்த மாநிலத்தின் மனசு.

தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. பணியாளருக்கு 7,700-ல் தொடங்கி 24,200 வரை, குறு மையப் பணியாளருக்கு 5,700-ல் தொடங்கி 18,000 வரை, உதவியாளருக்கு 4,100-ல் தொடங்கி 12,500 வரை. அகவிலைப்படியும் ஆண்டு உயர்வும் உண்டு. வேறு பல மாநிலங்களை விட இது மேல் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் தொடக்கத்தைப் பாருங்கள். 2025-ல் புதிதாகச் சேர்ந்த உதவியாளருக்கு முதல் ஆண்டில் தொகுப்பூதியமாக, அதாவது படி எதுவும் சேராமல், மாதம் 4,100 ரூபாய்தான் என்று அறிவிப்பிலேயே இருந்தது. 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 336 ரூபாய். பன்னிரண்டு நாள் ஏரி வேலைக்குப் போனால் 4,032. ஆயா மாதம் முழுக்கச் சமைத்து, பிள்ளைகளுக்குக் கால் கழுவி விட்டு வாங்குவது அதை விட 68 ரூபாய் அதிகம். நூறு நாள் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, என் மாமியார் போகிற வேலை அது. கணக்கு எப்படி நிற்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

மதிப்பூதியம் என்று ஏன் சொல்கிறார்கள்? சம்பளம் என்றால் என்ன குறைந்துவிடும்?

நிறைய குறைந்துவிடும், அரசுக்கு. 1975-ல் திட்டம் வகுத்தபோது, ஊரிலேயே இருக்கும் ஒரு பெண் சமூக சேவையாகத் தினம் சில மணி நேரம் பிள்ளைகளைப் பார்ப்பார் என்று வைத்தார்கள். தாமாக முன்வந்து செய்கிறவருக்குச் சம்பளம் கிடையாது, கௌரவத்துக்கு ஒரு தொகை உண்டு. அதற்குத்தான் மதிப்பூதியம் என்று பெயர். சம்பளம் என்று ஒப்புக்கொண்டால் குறைந்தபட்சக் கூலி, வருங்கால வைப்பு நிதி, வேலையை விடும்போது மொத்தமாகக் கொடுக்கும் பணிக்கொடை என்று ஒவ்வொன்றாக வாசலில் வந்து நிற்கும். அதனால் வேலை முழுநேர வேலையாக வளர்ந்த பிறகும் பெயரை மட்டும் மாற்றவில்லை.

இந்தப் பெயருக்குப் பின்னால் வேறொரு நினைப்பும் இருக்கிறது. பிள்ளை வளர்ப்பது பெண்ணுக்குப் பிறவியிலேயே வருவது, அதற்கு என்ன படிப்பு, என்ன கூலி என்ற நினைப்பு. வீட்டில் அம்மா சும்மாத்தானே செய்கிறாள், தெருவில் இன்னொரு அம்மா கொஞ்சம் வாங்கிக்கொண்டு செய்யட்டுமே என்பதுதான் அந்தத் தொகையை முடிவு செய்தது என்பது என் எண்ணம். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். மதிப்பும் இருக்கிறது ஊதியமும் இருக்கிறது, சொல்லில் மட்டும்.

2013-ல் நடந்த 45-ஆவது இந்திய தொழிலாளர் மாநாடு இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் சேர்ந்து உட்காரும் மாநாடு அது. அந்தப் பரிந்துரையைத்தான் சங்கங்கள் இன்று வரை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

சட்டப்படி அரசு ஊழியர்களா, இல்லையா? நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது?

இதில் ஒரு நீண்ட பயணம் இருக்கிறது. 2006-ல் கர்நாடக அரசுக்கும் அமீர்பீ என்பவருக்கும் நடந்த வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை வைத்து அதன் பிறகு வந்த பல கோரிக்கைகளை அடைத்துவிட முடிந்தது.

2022 ஏப்ரல் 25 அன்று இன்னொரு தீர்ப்பு வந்தது. குஜராத்தைச் சேர்ந்த மணிபென் மகன்பாய் பாரியா உள்ளிட்ட ஓய்வுபெற்ற பெண்கள் தொடுத்த வழக்கு. நீதிபதிகள் அஜய் ரஸ்தோகியும் அபய் ஓகாவும், 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்றார்கள். எனக்கு அதில் பிடித்தது அவர்கள் காட்டிய வழி. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உணவைச் சட்ட உரிமையாக்கிவிட்டது. அதைக் கையில் கொண்டு சேர்ப்பவர் அங்கன்வாடிப் பணியாளர். சட்டம் விதித்த கடமையைச் செய்பவர்களைப் பகுதி நேரத் தொண்டர் என்று எப்படித் தள்ளிவிட முடியும்? பெயர் மதிப்பூதியமாக இருந்தாலும் அது கூலிதான் என்றும் தீர்ப்பில் தெளிவாக வந்தது.

அதன் தொடர்ச்சியாகக் குஜராத் உயர் நீதிமன்றம் 2024-ல் இவர்களை நிரந்தர அரசு ஊழியர்களோடு ஒப்பிட்டுப் பேசியது. 2025 ஆகஸ்டில் இரு நீதிபதிகள் அமர்வு, பணியாளருக்கு மாதம் 24,800 ரூபாயும் உதவியாளருக்கு 20,300 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. அந்த எண்கள் குஜராத்துக்கானவை. ஆனால் அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் டீச்சர் போனைத் தூக்கிக் காட்டிய முகத்தை மறக்க முடியாது.

பணிக்கொடை என்றால் எவ்வளவு வரும்?

சட்டத்தில் உள்ள கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 10,000 ரூபாய் வாங்கி முப்பது ஆண்டு வேலை பார்த்தவருக்கு ஏறக்குறைய 1,73,000 ரூபாய். முப்பது வருஷத்துக்கு இது ஒன்றும் பெரிய தொகை இல்லை. ஆனால் இதற்குத்தான் அந்தக் குஜராத் பெண்கள் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

எந்நேரமும் போனையே பார்க்கிறார்களே?

பார்க்கத்தான் வேண்டும், வேலையே போனுக்குள் போய்விட்டது. முன்பு 11 பதிவேடுகள் இருந்தன. 2021 மார்ச்சில் போஷன் டிராக்கர் என்ற செயலி வந்தது. வருகை, எடை, உயரம், சமைத்த சாப்பாடு, வீட்டுக்குப் போய் வந்தது எல்லாம் அதில் ஏற வேண்டும். ஒரு பிள்ளையின் எடை குறைகிறது என்பது சென்னையிலும் டெல்லியிலும் தெரிவது நல்லதுதான். ஆனால் டவர் கிடைக்காத ஊரில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்கும் மாடிப்படிக்கும் நடப்பவர் டீச்சர்.

2025 ஜூலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துமாவுக்கு முக அடையாளம் காட்ட வேண்டும் என்றார்கள். ஆதார் விவரம் பொருந்த வேண்டும், கேமரா முன் நின்று கண் சிமிட்ட வேண்டும். எங்கள் மையத்தில் ஒரு நாள் நடந்தது: தாய் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள், மாவு வாங்க வந்தது பாட்டி. பதிவில் இருப்பதோ தாயின் முகம். டீச்சர் இரண்டு தடவை முயன்று பார்த்தார். பாட்டி, “எம் பேத்திக்கு மாவு குடுக்க எம் மூஞ்சி ஆகாதா?” என்று கேட்டார். திட்டு வாங்கியது டீச்சர். செயலியை எழுதியவர் எங்கேயோ ஏசி அறையில் இருந்திருப்பார்.

முட்டையையும் அரிசியையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்கிறார்களே?

நடக்கும் இடங்கள் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். சந்தேகம் இருந்தால் நேரில் போங்கள், இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், பெற்றோருக்கு அந்த உரிமை உண்டு. கூடவே இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 2017-ல் ஒன்றிய அரசு வைத்த விதிப்படி ஒரு குழந்தையின் ஒரு நாள் உணவுக்கு 8 ரூபாய், கடுமையான எடைக் குறைவு உள்ள குழந்தைக்கு 12 ரூபாய், கர்ப்பிணிக்கு 9 ரூபாய் 50 காசு. அந்த 8 ரூபாய்க்குள் 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் வர வேண்டும். டீக்கடையில் ஒரு டீ என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். காய்கறி விலை ஏறிய மாதத்தில் தன் காசில் தக்காளி வாங்கிப் போட்ட டீச்சரை எனக்குத் தெரியும். அதைப் பற்றி யாரும் புரளி கிளப்புவதில்லை.

வாக்காளர் பட்டியல் வேலைக்கும் இவர்களைத்தான் அனுப்புகிறார்களா?

ஆமாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாகப் பலர் அங்கன்வாடிப் பணியாளர்களே. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் இவர்களும் உண்டு. கொரோனா காலத்தில் வெளியூரிலிருந்து வந்தவர்களின் விவரம் எடுத்ததும் இவர்கள்தான். ஊரில் ஒவ்வொரு வீடும், யார் எந்த மருமகள் என்பதும் தெரிந்த ஒரே அரசு முகம் டீச்சர் என்பதால் எல்லாத் துறையும் அவரைத் தேடுகிறது. கணக்கெடுப்பு என்று வரும்போது அரசு ஆள், ஓய்வூதியம் என்று வரும்போது தொண்டர்.

அந்த நாட்களில் பிள்ளைகளை யார் பார்த்தார்கள்? ஆயாதான். சமையலும் அவரே.

அங்கன்வாடியிலேயே எல்கேஜி இருந்ததே, என்ன ஆயிற்று?

2019-ல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். அங்கே பாடம் சொல்லித் தரத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை அனுப்பியபோது, அது தங்களுக்குப் பதவி இறக்கம் என்று அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022-ல் அந்த வகுப்புகளே நிற்கப்போகின்றன என்று செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்து, மறுபடி தொடர்ந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது கீழான வேலை என்ற எண்ணம் படித்த ஆசிரியர்களிடமே இருக்கிறது. அங்கே ஏற்கெனவே இருந்த அங்கன்வாடிப் பணியாளருக்குப் பயிற்சி கொடுத்து, அதற்கேற்ற ஊதியமும் கொடுத்தால் என்ன என்று அன்று பெரிதாக யாரும் கேட்டதாக நினைவில்லை.

பயிற்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2023 மே மாதம் ஒன்றிய அரசு முன்பருவக் கல்விக்கென ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. வகுப்பு மூன்று நாள். அதற்கடுத்த ஆண்டு மூன்று வயதுக்குக் கீழ் ஒன்று, மூன்று முதல் ஆறு வயதுக்கு ஒன்று எனப் பாடத்திட்டங்களும் வந்தன. மூன்று நாளில் எவ்வளவு சொல்லித் தர முடியுமோ அவ்வளவு.

போராட்டம் செய்தால் பிள்ளைகள் பாதிக்கப்படாதா?

பாதிக்கப்படும். மையம் பூட்டிக் கிடந்த நாட்களில் நானே மகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறேன், எரிச்சலாகத்தான் இருந்தது. ஆந்திராவில் 2023 டிசம்பர் 12-ல் தொடங்கி 42 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இடையில் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அரசு இவர்கள் மீது போட்டது. தொண்டர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் ஒரே நாளில் அத்தியாவசியப் பணியாளர்கள் ஆனார்கள். இந்த வேலை இல்லாமல் ஊர் நடக்காது என்று அரசே எழுதிக் கொடுத்த சான்றிதழாகத்தான் அந்த உத்தரவை நான் பார்க்கிறேன்.

விருது, மகளிர் தினப் பொன்னாடை எல்லாம் போதாதா?

சிறந்த பணியாளர்களுக்குத் தேசிய விருது 2000-01 முதலே இருக்கிறது. வாங்கியவர்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு மாட்டி வைத்திருப்பார்கள், அதைக் கேலி செய்யக் கூடாது. எங்கள் ஆயா ஒரு மகளிர் தினத்தில் வாங்கிய சால்வையை இன்னும் பீரோவில் மடித்து வைத்திருக்கிறார். ஆனால் அதே ஆயா, வேலையை விட்டு நிற்கும் நாளை நினைத்துப் பயப்படுகிறார். ஓய்வுக்குப் பிறகு கொடுக்கும் சிறப்பு ஓய்வூதியம் பல ஆண்டுகளாக 2,000 ரூபாயிலேயே நின்றது. பிபி, சுகர் மாத்திரைக்கே அதில் பாதி போய்விடும்.

காப்பீடு, விடுப்பு?

ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டில் இவர்களைச் சேர்ப்பதாக 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஒன்றிய அரசின் விதிப்படி ஊதியத்தோடு 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. தமிழ்நாட்டில் மே மாதத்தில் 15 நாள் கோடை விடுமுறை விடுகிறார்கள். இதற்கும் பல வருஷம் கேட்க வேண்டியிருந்தது. வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆயா என்று கூப்பிடுவது தவறா?

ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் ஆயா என்றால் பாட்டி, பாசமான சொல். ஆனால் இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண்ணை முதல் நாளே ஆயா என்று கூப்பிட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? எங்கள் மையத்தில் பழைய ஆயாவுக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும், மாற்றிச் சொன்னால் திரும்பிப் பார்க்க மாட்டார். பக்கத்து ஊரில் புதிதாக வந்தவரைப் பிள்ளைகள் அக்கா என்கின்றன. அவரிடமே கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

நீ, வா, போ என்று பேசுவதை மட்டும் விட்டுவிடலாம். ஊரில் சிலர் சாதி பார்த்து ஒருமையில் பேசுகிறார்கள், சமையல் செய்வது யார் என்று பார்த்துப் பிள்ளையை அனுப்பாமல் இருக்கிறார்கள். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. தீண்டாமை சட்டப்படி குற்றம்.

பெற்றோராக நாங்கள் என்ன செய்ய முடியும்?

முதலில் உங்கள் மையத்தின் கண்காணிப்பு மற்றும் ஆதரவுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் காகிதத்தில் மட்டும் இருக்கும். அதில் சேருங்கள்.

அப்புறம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு தடவை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாங்கள் போன வருஷம் ஒரு காரியம் செய்தோம். மையத்தில் கழிப்பறைக் கதவு இல்லை. டீச்சர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டு ஓய்ந்துவிட்டார், அவரால் சத்தம் போட முடியாது, வேலை செய்கிற இடம். தாய்மார்கள் பதினெட்டுப் பேர் கிராம சபைக்குப் போய், கதவும் குழாயும் வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொன்னோம். தலைவர் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டோம். எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கதவு வந்தது, குழாய் இன்னும் வரவில்லை.

பணியிடம் காலியாக இருந்தால் அதையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். ஒரு டீச்சர் இரண்டு மையங்களைப் பார்ப்பது கூடுதல் பொறுப்பு என்று காகிதத்தில் அழகாக இருக்கும். நேரில் போனால் ஒரு மையம் அரை நாள் டீச்சர் இல்லாமல் கிடக்கும்.

சங்கம் ஊர்வலம் போகும்போது பெற்றோர் நான்கு பேர் கூட நின்றால் அதிகாரிகள் பேசும் தொனியே மாறும். நிற்க முடியாவிட்டால், பிள்ளையை நேரத்தோடு வந்து கூட்டிப் போங்கள். மாலை மையம் மூடிய பிறகும் வராத பிள்ளைக்காக ஆயா வாசலில் காத்திருக்கும் நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

நான் இந்த வேலைக்குச் சேரலாமா?

பெண்கள் மட்டும்தான் சேர முடியும். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 7,783 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது: 3,886 பணியாளர், 305 குறு மையப் பணியாளர், 3,592 உதவியாளர். பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 25 முதல் 35 வயதும் கேட்டார்கள். உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 20 முதல் 40 வயது. விதவைகள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு வயதுத் தளர்வு உண்டு. அதே ஊர்க்காரர்களுக்கு முன்னுரிமை. இல்லாவிட்டால் பக்கத்து ஊராட்சி.

அறிவிப்பு வரும்போது குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தின் பலகையிலும் மாவட்ட இணையதளத்திலும் ஒட்டுவார்கள். நேர்முகத் தேர்வுதான், எழுத்துத் தேர்வு கிடையாது. அதனால் இவ்வளவு கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் சுற்றுவார்கள். கொடுக்காதீர்கள். இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், ஆதார், குடும்ப அட்டை எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி இருப்பிடச் சான்றுக்கு அலைந்தே கடைசி நாளைத் தவறவிட்டாள், இப்போது அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறாள்.